தண்ணீரை நிறுத்தாதே!

செல்போன் அலறியது.

பூச்சு அக்கா எடுக்கவில்லை.

அவள் கையில் கரணை. எதிரே பாதி பூசிய சுவர். இழுப்பை நடுவில் விட்டால், கை நின்ற இடம் காய்ந்த பிறகு பல்லைக் காட்டும். அது அவளுக்குப் பிடிக்காது. பதினெட்டு வருடமாக நீச்சல் குளங்களுக்கு வெள்ளைப் பூச்சு பூசுகிறாள். நூறு குளங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றில்கூட ஒரு கோடு, ஒரு திட்டு கிடையாது. அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

போன் மறுபடி அலறியது.

"அக்கா... மாமா நம்பர்!" என்றாள் கலவை போடுகிறவள்.

கரணை நின்றது. காலை ஆறு மணியிலிருந்து அவள் புருஷன், ரிட்டயர்டு கப்பல் கேப்டன் ஒருத்தர் வீட்டுக் குளத்துக்கு முதல் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான். தண்ணீர் நிரம்பும்வரை போன் பண்ணாதே என்று அவள்தான் மிரட்டி வைத்திருந்தாள்.

"என்னங்க? ஹோஸ் கழண்டுடுச்சா?"

மறுமுனையில் வேறு குரல். கரகரத்த குரல்.

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். உன் புருஷன் என் ஜீப்புல இருக்கான்."

"ஜீப்புலயா! அப்ப தண்ணியை யார் பாத்துக்கறாங்க?"



"ஏம்மா... உனக்கு மூளை கீளை இருக்கா? கேப்டன் செத்துக் கிடக்கார். நீங்க பூசின குளத்துல! உன் புருஷன் காவல் காக்கற லட்சணத்துல மோட்டார் ரூம்ல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தான். உடனே வா!"

 கேப்டனா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி நேற்று முழுக்க, "அக்கா, இந்த மூலையில இன்னொரு இழுப்பு இழுங்க" என்று குழந்தை மாதிரிப் பின்னாலேயே வந்த அந்த மனுஷனா?

"வரேன் சார்... வந்துட்டே இருக்கேன்..." கரணையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்.

"தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க!"

'கல் நெஞ்சுக்காரி' என்று திட்டத் தோன்றுகிறதா உங்களுக்கு? ஸ்கூட்டரில் போகிற வழி முழுக்க அவள் அழுதாள். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். திட்டுவதானால் அதையும் சேர்த்துக்கொண்டு திட்டுங்கள்.

மணி நாலு.

கேப்டன் வீட்டுப் பின்பக்கம். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். சின்னக் குளம்தான். சுவரும் தரையும் பளீரென்று வெள்ளை. அடியில் பால் கலந்தது போல் வெளுத்த தண்ணீர். புதுப் பூச்சிலிருந்து கரைகிற தூள் அது. முதல் நாளில் எல்லாக் குளமும் அப்படித்தான் இருக்கும்.

விளிம்பில் காலியான சக்கர நாற்காலி. பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய கேப்டன்.

கொஞ்சம் தள்ளி கேப்டனின் மகள் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து, கண் வீங்கி. அவளுடைய புருஷன், அதாவது கேப்டனின் மாப்பிள்ளை, டை கூடத் தளர்த்தாமல் கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னும் தண்ணி ஓடிட்டே இருக்கே! யாராவது நிறுத்துங்களேன்! குளத்தைக் காலி பண்ணித் தொலைங்க சார்! மாமா செத்த தண்ணியைப் பாக்கவே முடியல!"

"வால்வு எங்க இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கென்ன தெரியும்? நான் இந்தக் குளத்துப் பக்கமே வந்ததில்ல. வால்வு மேலயா கீழயான்னுகூட எனக்குத் தெரியாது!"

"எனக்குத் தெரியும்!"

எல்லோரும் திரும்பினார்கள்.

முழங்கை வரை வெள்ளை அப்பிய ஒரு பெண். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நேராக மோட்டார் ரூம் ஓரத்துக்குப் போனாள். அங்கே தரையில் ஒரு இரும்பு மூடி. அதன் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"வால்வு என் காலுக்குக் கீழ இருக்கு. முடிஞ்சா மூடுங்க!"

இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார். ஆறடி உயரம். அவள் அவர் நெஞ்சுயரம்தான் இருந்தாள்.

"இறங்கு."

"இறங்க மாட்டேன்."

"போலீஸ் சொல்லுது!"

"போலீஸ் பூச்சு பூசினதில்ல சார். நான் பூசியிருக்கேன். முதல் தண்ணியை ஒரு தடவை திறந்தா மேல டைல்ஸ் பட்டையில பாதி ஏறுற வரைக்கும் மூடக் கூடாது. நடுவுல நின்னா நின்ன இடத்துல சுவத்துல கோடு விழும். அப்புறம் தேய்ச்சாலும் போகாது, அழுதாலும் போகாது. ஜென்மத்துக்கும் நிக்கும்!"

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கார். உனக்குக் கோடு முக்கியமா?"

"அந்த மனுஷன் ஆசையா கட்டின குளம் சார் இது! பொணத்தைத் தூக்கியாச்சு இல்ல? தண்ணி உங்களை என்ன பண்ணுச்சு?"

"அரெஸ்ட் பண்ணிடுவேன்!"

அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"பண்ணுங்க. விலங்கை மாட்டி இந்த மூடியிலேயே பூட்டிடுங்க. எனக்கும் வசதி!"

மீசைக்காரக் கான்ஸ்டபிள் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். அவருடைய காக்கி பேன்ட் முழங்கால் வரை வெள்ளையாக நனைந்திருந்தது. அவள் கண் அதைக் கவனித்தது. அடுத்து அவர் காலுக்குப் போனது.

"யோவ்... பூட்ஸோடயா இறங்கினே!"

"அ... அவசரத்துல அம்மா... பாடியை எடுக்க..."

"ஐயோ! புதுப் பூச்சுல பூட்ஸ்! கழட்டிட்டு இறங்கினா குறைஞ்சா போயிடுவே? தரை பூரா உன் பூட்ஸ் தடம்தான்யா இருக்கும்!"

கான்ஸ்டபிள் நிஜமாகவே வெட்கப்பட்டார். இருபது வருட சர்வீஸில் அவரை யாரும் இப்படித் திட்டியதில்லை.

ஜீப்பிலிருந்து அவள் புருஷனை இறக்கிக் கொண்டுவந்தார்கள். நிற்க முடியாமல் தள்ளாடினான். கண் சொருகியது.

"குடிச்சிருக்கான்" என்றான் மாப்பிள்ளை.

"வாயை ஊதுங்க" என்றாள் அவள்.

அவன் ஊதினான். அவள் முகர்ந்தாள். இன்ஸ்பெக்டரையும் முகரச் சொன்னாள்.

"சார், இவர் பொய் சொல்லுவார். என் சம்பாத்தியத்துல சீட்டாடுவார். ஆனா குடிக்க மாட்டார். என்னங்க நடந்துச்சு? ஒழுங்காச் சொல்லுங்க!"

"தெரியலம்மா... பன்னெண்டு மணிக்கு அளவு எழுதினேன். ஃபிளாஸ்க்ல டீ இருந்துச்சு. குடிச்சேன். அப்புறம்... இந்த சார் தட்டி எழுப்பினதுதான் ஞாபகம்."

"கேட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர். "இவன் தூங்கிட்டான். குளத்தைச் சுத்திக் கட்டியிருந்த கயிறு அவுந்து கிடக்குது. கேப்டன் தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்க நாற்காலியைத் தள்ளிட்டு வந்திருக்கார். தலைகுப்புற விழுந்துட்டார். மாப்பிள்ளை மூணு மணிக்கு ஆபீஸ்லேந்து வந்து பாத்திருக்கார். அஜாக்கிரதையால மரணம். உன் புருஷன் உள்ள போறான். உன் தொழிலுக்கும் இத்தோட மூடுவிழா."

 பூசியது போனால் போகட்டும். தொழில் போனாலும் கூலி வேலைக்குப் போய்க்கொள்ளலாம். ஆனால் இந்த மனுஷன்? பல்லியைப் பார்த்தால் அலறுகிறவன். ஜெயிலில் ஒரு ராத்திரி தாங்குவானா?

"கயிறை நான்தான் சார் கட்டினேன்" என்றாள். "மூணு முடிச்சு. தானா அவுறாது."

"அதைக் கோர்ட்ல சொல்லு."

"ஏன், இங்கயே சொல்றேன்!"

அவள் மூடியிலிருந்து இறங்கினாள். "யாராவது மூடியைத் தொட்டீங்க... கரணையால போட்டுடுவேன்!" என்று எச்சரித்துவிட்டு மோட்டார் ரூம் கதவருகே போனாள். கதவில் சாக்பீஸ் எழுத்து. அவள் புருஷனின் கோணல் எழுத்து.

ஏழு மணி, மூன்று அங்குலம். எட்டு மணி, ஆறு. அப்படியே மணிக்கு மூன்று மூன்றாக ஏறி, பன்னிரண்டு மணிக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவள் நீளமான பிரஷ் கம்பை எடுத்தாள். அதில் அங்குலம் குறித்திருந்தது. விளிம்பில் மண்டியிட்டு, ஆழமான பக்கத்தில் மெல்ல இறக்கினாள். தரையைத் தொடும் தொடாததுமாக நிறுத்திப் பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்.

முகம் மாறிவிட்டது.

"சார்... மணி என்ன?"

"நாலு அடிச்சுப் பத்து நிமிஷம்."

"பன்னெண்டு மணிக்குப் பதினெட்டு அங்குலம். நாலு மணி நேரம், மூணு மூணாப் போட்டா பன்னெண்டு. மொத்தம் முப்பது இருக்கணும். இருபத்துநாலுதான் இருக்கு."

"அதனால?"

"ஆறு அங்குலம் எங்க சார் போச்சு? ரெண்டு மணி நேரத் தண்ணி! யாரோ வால்வை ரெண்டு மணி நேரம் மூடி வச்சுட்டுத் திரும்பத் திறந்திருக்காங்க!"

அவள் குரல் உடைந்தது. "என் குளத்துல கோடு விழுந்துடுச்சு... படுபாவிங்க!"

"ஏம்மா, கரென்ட் போயிருக்கும். தண்ணி வேகம் குறைஞ்சிருக்கும்."

"அந்த மோட்டார் ஃபில்டருக்குத்தான் சார். தண்ணி ஊர் மேல்நிலைத் தொட்டியிலேந்து நேரா வருது. அதுவும் அளந்து வச்ச வேகம். குறையாது."

மாப்பிள்ளை குறுக்கிட்டான். "சார், இந்தம்மா கதை விடறாங்க! புருஷனைக் காப்பாத்த அங்குலக் கணக்கு! முதல்ல தண்ணியை நிறுத்திக் காலி பண்ணச் சொல்லுங்க!"

"வேண்டாம்..."

ஈனமான குரல். கேப்டனின் மகள்.

"நிறுத்த வேண்டாம் சார். அப்பா காலையிலேந்து அதையேதான் சொல்லிட்டு இருந்தார். 'தண்ணியை நிறுத்தக் கூடாதும்மா, அக்கா திட்டுவாங்க'ன்னு... ஓடட்டும் சார்... ப்ளீஸ்..."

மாப்பிள்ளை அவளை முறைத்தான். இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார். இரண்டு பார்வைக்கும் அர்த்தம் வேறு வேறு.

"நீங்க மதியம் எங்க இருந்தீங்க?"

"மாடியில... தலைவலி. படுத்தேன். தூங்கிட்டேன்."

"வீட்டுல வேற யாரு?"

"யாருமில்ல. அப்பாவும் நானும்தான்."

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. பூச்சு அக்கா அதற்குள் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள்.

"எங்க போறே?"

"வாங்க சார், காட்டறேன்!"

கீழ்த்தளத்தில் கேப்டனின் அறை. ஒட்டியே குளியலறை. சக்கர நாற்காலி நுழைய அகலமான கதவு. உள்ளே நீளமான வெள்ளை டப். ஓரமாக நான்கு பக்கெட். நான்கிலும் தண்ணீர் விளிம்பு வரை தளும்பி நின்றது.

அவள் டப்பின் குழாயைத் திறந்தாள்.

நூல் மாதிரி ஒழுகியது. அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? வீட்டுக்கு ஒரே லைன். குளத்துக்குத் திறந்துட்டா உள்ள இப்படித்தான் வரும். நேத்தே சொல்லி, நாலு பக்கெட் பிடிச்சு வைக்கச் சொன்னேன். பிடிச்சாங்க. யாரும் ஒரு செம்புகூட எடுக்கல. அப்படியே இருக்கு. இப்ப இதைத் தொட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் டப்பின் உள்பக்கத்தைத் தொட்டார்.

ஈரம்!

யாரோ துடைத்திருந்தார்கள். ஆனால் அடியில் ஓட்டையைச் சுற்றி இன்னும் தண்ணீர் நின்றது.

"பக்கெட்டுத் தண்ணி செலவாகல. குழாயில நூல்தான் வருது. அப்ப டப்பு எப்படி சார் நனைஞ்சுது?"



"குளத்து வால்வை மூடினா மட்டும்தான் இந்த டப்பு நிறையும்! அதுக்குத்தான் மூடியிருக்காங்க. குளத்துல அப்ப ஒன்றரை அடித் தண்ணிதான். கேப்டனுக்குக் கால்தான் வராது. கை ரெண்டும் இரும்பு. கப்பல்ல முப்பது வருஷம் கயிறு இழுத்த கை. தள்ளிவிட்டிருந்தா ஊர்ந்தே கரைக்கு வந்திருப்பார்! டப்புல தலையைப் பிடிச்சு அமுக்கினாத்தான்..."

 சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கான்ஸ்டபிள் தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா... நானே சொல்லலாம்னு இருந்தேன். பாடியைத் தூக்கும்போது வாயிலேந்து தண்ணி வந்துச்சு. என் கை மேலதான் ஊத்துச்சு."

"அதுக்கென்ன?"

"குளத்துத் தண்ணி பால் மாதிரி இருக்குங்கய்யா. என் பேன்ட்டைப் பாருங்க. வாயிலேந்து வந்தது கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் குனிந்து அந்த வெள்ளை பேன்ட்டைப் பார்த்தார்.

"டாக்டர் நெஞ்சைத் திறந்து பாக்கட்டும் சார்" என்றாள் அவள் மெல்ல. "என் குளத்துல செத்திருந்தா உள்ள வெள்ளைத் தூள் இருக்கும். இருக்காது. என் குளம் யாரையும் கொல்லல!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருடைய கேஸ் தலைகீழாகப் புரண்டுகொண்டிருந்தது.

"கொலை... வீட்டுக்குள்ள... மதியம். மாப்பிள்ளை ஆபீஸ்ல. இந்த ஆள் தூக்கத்துல. வீட்டுல இருந்தது ஒரே ஒருத்தி. தண்ணியை நிறுத்த வேண்டாம்னு சொன்னதும் அவதான். ஏன்? தண்ணி ஏற ஏற அளவு மறைஞ்சு போகும்!"

விடுவிடுவென்று வெளியே வந்தார்.

மாப்பிள்ளை அங்கே இல்லை. முன்வாசலில் யாருடனோ போனில், "மாமா போயிட்டார்... ஆமா, திடீர்னு..." என்று பேசும் குரல் கேட்டது.

"எழுந்திரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் மகளிடம். "உங்கப்பா மேஜையில ஒரு பத்திரம் பாத்தேன். நாளைக்குப் பதிவு பண்றதா இருந்தாரா?"

"ஆமா... வீட்டையும் குளத்தையும் பசங்களுக்கு நீச்சல் கத்துக் குடுக்கற பள்ளிக்கூடமா எழுதி வைக்கறதா..."

"உனக்கு வீடு போயிடுமேன்னு..."

"சார்!" அவள் வெறித்தாள். "அந்த யோசனையே என்னோடது சார்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நட!"

மகள் வாய்விட்டு அழுதாள். பூச்சு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற அப்பன் செத்துக் கிடக்க, மகள் கையில் விலங்கா? தன் புருஷன் தப்பித்தான் என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போவாளா? அவள் ஜாதகத்திலேயே அது கிடையாது.

"சார், ஒரு நிமிஷம்!"

"இன்னும் என்ன?"

அவள் இரும்பு மூடியைத் தூக்கினாள். குழிக்குள் வால்வின் வட்டக் கைப்பிடி.

"தண்ணியை நிறுத்திக்குங்க."

இன்ஸ்பெக்டருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"என்ன சொன்னே?"

"நீங்க ஜெயிச்சீங்க. நிறுத்திக்குங்க. கோடுதான் விழுந்தாச்சே, இன்னொண்ணு விழட்டும்."

அவளுடைய புருஷனுக்கே தூக்கம் கலைந்துவிட்டது. "ஏம்மா... உடம்பு சரியில்லையா?" என்று பதறினான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினார். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அதே வேகத்தில் ஓடியது. இடப்பக்கம் திருப்பினார். அதுவும் சும்மா சுற்றியது.

"என்னய்யா இது, பம்பரமா?"

கான்ஸ்டபிள் மீசையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினார். பத்துச் சுற்று அந்தப் பக்கம். பத்துச் சுற்று இந்தப் பக்கம். வியர்த்ததுதான் மிச்சம்.

"நீங்க வாங்க" என்றாள் மகளிடம். மகள் அழுதுகொண்டே திருப்பினாள். சுற்றியது.

"நீங்களும்தான்!" என்றாள் புருஷனிடம்.

"எனக்கெதுக்கு? எனக்கு இது எப்படின்னு நீ சொல்லித் தந்ததே இல்லையே!" அவனும் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னம்மா விளையாட்டு இது?" இன்ஸ்பெக்டரின் பொறுமை கரைந்துகொண்டிருந்தது.

அப்போது...

வாசல் பக்கமிருந்து மாப்பிள்ளை வந்தான். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். திறந்திருந்த குழியைப் பார்த்தான். எரிச்சல் தலைக்கேறியது.

"இன்னும் நிறுத்தலையா! நாலு பேர் சுத்தி நின்னுக்கிட்டு வேடிக்கையா பாக்கறீங்க? விலகுங்க!"

குனிந்தான். உள்ளங்கையால் கைப்பிடியை ஒரு அமுக்கு. அமுக்கியபடியே இடப்பக்கம் அரைச் சுற்று.

தண்ணீர் நின்றது!

"அவ்வளவுதானே! இதுக்குப் போய்..."

நிமிர்ந்தான்.

 எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன... என்ன சார்?"

பூச்சு அக்கா மிக மெதுவாகக் கேட்டாள்.

"வால்வு மேலயா கீழயான்னு தெரியாதுன்னீங்களே... எப்படி சார் மூடினீங்க?"

"இ... இதென்ன பெரிய வித்தையா? திருப்பினேன், மூடிச்சு! யார் வேணாலும் மூடலாம்!"

"நாலு பேர் மூடிப் பாத்துட்டோம் மாப்பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் இருந்த மரியாதை எங்கேயோ போய்விட்டது. "நான் உள்பட."

"சார், இந்த வால்வுல ஸ்பிரிங் போட்டது நான்" என்றாள் அவள். "எல்லா வீட்டுலயும் சொந்தக்காரன் ஒருத்தன் வருவான். தண்ணி வீணாப் போகுதுன்னு முதல் தண்ணியை மூடிட்டுப் போவான். அவனுக்காகத்தான் இந்த ஏற்பாடு. அமுக்காம திருப்பினா சும்மா சுத்தும். ஒவ்வொரு குளத்துலயும் அவசரத்துக்குன்னு வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் சொல்லிக் குடுப்பேன். இங்க கேப்டனுக்கு மட்டும்."

"புருஷனுக்குக்கூடச் சொல்லலையா?"

"அவருக்கா? தூக்கக் கலக்கத்துல ஒருதரம் மூடிட்டார் சார். அன்னிலேந்து கிடையாது!"

மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"கேப்டனுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம்" என்றார் இன்ஸ்பெக்டர். "உனக்கு யார் சொன்னா?"

"அது... நான்..."

"யார் சொன்னா?"

"கிழவன்தான் சொல்லிக் குடுத்தான்!" வெடித்துவிட்டான். "ஹோஸ் கழண்டு பூச்சைக் குத்துது மாமான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அலறிப் புடைச்சுக்கிட்டு, 'அமுக்கித் திருப்புங்க மாப்பிள்ளை, சீக்கிரம்'னான்! பூச்சு மேல அவ்வளவு பாசம்! பெத்த பொண்ணோட புருஷன் மேல கிடையாது! யாரோ பசங்க நீச்சல் கத்துக்க என் வீட்டை எழுதி வைப்பானா?"

"ஏங்க..." மகள் எழுந்து நின்றாள். அழுகை நின்றுவிட்டது. "பதினோரு மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போது எனக்கு நீங்களே டீ போட்டுக் குடுத்தீங்க. கல்யாணமாகி ஏழு வருஷத்துல முதல் தடவையா. மிச்சத்தை மோட்டார் ரூம் ஃபிளாஸ்க்ல ஊத்தினீங்க. பாவி... என்னையும் தூங்க வச்சுட்டுத்தானா..."

அவன் ஓடினான்.

குளத்தின் விளிம்பு ஓரமாக, கேட்டை நோக்கி ஒரே ஓட்டம். கான்ஸ்டபிளின் ஈர பூட்ஸ் வழுக்கியது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். பூச்சு அக்கா பிரஷ் கம்பை வீசினாள். அது அவன் கால்களுக்கு நடுவே புகுந்தது. அவன் தடுமாறினான். குளத்தின் பக்கம் சாய்ந்தான்!

"டேய்! உள்ள விழாதேடா! பூச்சு!"

பாய்ந்தாள். அவன் டையைப் பிடித்து ஒரே இழுப்பு. சிமென்ட் மூட்டை தூக்கிப் பழகிய கை. அவன் புல்தரையில் மல்லாந்து விழுந்தான். அவன் நெஞ்சில் அவள் முழங்கால்.

"ஒரு கொலைகாரன் கால் படறதுக்காடா நான் மூணு நாள் முதுகொடியப் பூசினேன்!"

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டபிறகுதான் எழுந்தாள். எழுந்த கையோடு குழிக்கு ஓடினாள். அமுக்கித் திருப்பினாள். ஹோஸ் ஒருமுறை துள்ளி, பூச்சைக் குத்தாமலிருக்க சாக்ஸ் கட்டிய முனையிலிருந்து மறுபடி தண்ணீர் மெல்லக் கசிந்து பரவியது. அவளும் மூச்சு விட்டாள்.

"ஆபீஸ் நடந்து வர்ற தூரம்தானே" என்றார் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம். "மதியம் யார் கண்ணுல பட்டேன்னு நான் விசாரிச்சுக்கறேன். ஏறு!"

ஜீப்பின் பின்கதவு சாத்தப்பட்டது. மதியத்திலிருந்து இன்னொருவருக்காகத் திறந்திருந்த கதவு. அந்த இன்னொருவர், அதாவது அவள் புருஷன், அவள் தோளில் சாய்ந்து நின்றபடியே மறுபடி தூங்க ஆரம்பித்திருந்தான். அவள் தள்ளிவிடவில்லை. அவன் தலையை வெள்ளைக் கையால் ஒருமுறை தடவினாள். முடியெல்லாம் நரைத்தது போலாகிவிட்டது.

கேப்டனின் மகள் அருகில் வந்தாள்.

"அக்கா... நாளைக்குப் பத்திரத்துல அப்பாவுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போட முடியுமான்னு வக்கீலைக் கேக்கப் போறேன். பள்ளிக்கூடம் நடக்கும். யார் தடுத்தாலும் நடக்கும். தண்ணி எப்ப ரொம்பும்?"

"விடியறதுக்குள்ள டைல்ஸைத் தொட்டுடும்மா. நானே உக்காந்து பாத்துக்கறேன். நீ போய் அப்பா பக்கத்துல இரு."

மகள் தலையசைத்துவிட்டுப் போனாள். நடையில் தள்ளாட்டம் இருந்தது. ஆனால் நிமிர்ந்துதான் நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"நாளைக்குத் தடயம் எடுக்கறவங்க வருவாங்க. குளத்துல இறங்கணும்..."

"பூட்ஸைக் கழட்டிட்டு, ரொம்பினப்புறம், நீந்தி வரச் சொல்லுங்க!"

"சரிம்மா தாயே!" கையெடுத்துக் கும்பிட்டார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "ஆனாலும் பதினெட்டு வருஷமா கோடே விழாம பூசினவ... இவனால ஒரு கோடு விழுந்துடுச்சே. வருத்தமா இல்லையா?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஜீப்பைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே ஒரு கோடுதானே சார்... அவனுக்கு எண்ண எத்தனை கம்பி காத்துக்கிட்டிருக்கு!"